சுண்ணாம்பும் ஒரு மாய எண்ணும்

கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தார் பல்லாண்டு காலம் சூரியனைக் கால்சியத்தின் ஒளியில் படம் பிடித்தார்கள். கால்சியம் வேறொன்றுமில்லை, பாட்டி வெற்றிலையில் தடவுகிறாளே, அந்தச் சுண்ணாம்பில் இருப்பதுதான். அதன் அணுக்கருவில் பெரும்பாலும் 20 புரோட்டான், 20 நியூட்ரான். அது அத்தனை கெட்டியாக இருப்பானேன்?

அணுக்கரு நீர்த்துளி போன்றது என்றது ஒரு கொள்கை. யுரேனியம் பிளப்பதற்கு அது காரணம் சொல்லிற்று. 20-இன் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. உள்ளே அடுக்குகள் உண்டு. 2, 8, 20, 28, 50, 82, 126 என்று அடுக்கு நிரம்பினால் கரு உறுதிப்படும் என்று 1949-இல் விளக்கினார் மரியா மேயர், இரண்டு குழந்தைகளின் தாய். (ஜெர்மனியில் யென்ஸனும் தனியே கண்டார்.) துளிக் கொள்கையையும் விஞ்ஞானிகள் கைவிடவில்லை. குழம்புக்கு ஒரு கரண்டி, தோசைக்கு ஒரு கரண்டி நாம் வைத்துக்கொள்வதில்லையா?

அப்போது மேயர் சிகாகோ சர்வகலாசாலையில் சம்பளமில்லாத பேராசிரியர். கணவருக்கு அங்கே உத்தியோகமாம்! முழுச் சம்பளப் பதவி 1960-இல். நோபல் பரிசில் பங்கு 1963-இல்.