பட்ஜெட் போடாமல் பளு தூக்காதீர்!

உறையூரில் சாலை ரோடு பக்கமோ நாச்சியார் கோவில் பக்கமோ மாலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு ஜிம்முக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு காட்சி தப்பாமல் கிடைக்கும். ராடில் பிளேட்டுகளை ஏற்றிவிட்டு நாலு பேர் சுற்றி நிற்பார்கள். "மச்சி, இன்னிக்கு மேக்ஸ் பாத்துடலாமா?" என்று ஒரு குரல் வரும். முதுகு வளைந்து, பல்லைக் கடித்து, எப்படியோ ஒரு தடவை 120 கிலோ எழும்பும். கைதட்டல், செல்ஃபி. அடுத்த வாரமும் அதே 120. ஆறு மாதம் கழித்துப் போனாலும் அதே 120 தான்!

இதில் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். மேக்ஸ் பார்ப்பது பயிற்சி அல்ல, பரீட்சை. வாரா வாரம் பரீட்சை எழுதிக்கொண்டே இருப்பவன் எப்போதுதான் படிப்பான்?

முதலில் விளையாட்டைப் பற்றி நாலு வரி. பவர்லிஃப்டிங் வேறு, ஒலிம்பிக்கில் பார்க்கும் பளுதூக்குதல் வேறு. ஒலிம்பிக்கில் தலைக்கு மேலே தூக்க வேண்டும். பவர்லிஃப்டிங்கில் ஸ்க்வாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் சிறந்ததைக் கூட்டினால் வருவதுதான் டோட்டல். ஸ்க்வாட்டில் மூன்று வாய்ப்பையும் கோட்டைவிட்டால் டோட்டலே கிடையாது. மற்ற இரண்டையும் எவ்வளவு தூக்கினாலும் சரி! ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் டிகிரி கைக்கு வராதது போலத்தான்.

பல மாதம் உழைத்து ஒரே ஒரு நாளில் கணக்குக் காட்ட வேண்டிய விளையாட்டு என்பதால் திட்டம் தேவைப்படுகிறது. அந்தத் திட்டத்தைப் போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. கடன் கட்ட வேண்டிய தேதியை வைத்துக்கொண்டுதானே மாதத் தவணை போடுகிறோம்?

ஸ்க்வாட்டில் 150 கிலோ தூக்கக்கூடிய ஒரு கல்லூரி மாணவனை எடுத்துக்கொள்வோம். போட்டிக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. முதல் நாலு வாரம் 100 முதல் 110 கிலோ வரை, செட்டுக்கு ஆறு, எட்டு முறை. ஆள் பார்த்தால் சிரிக்கிற வெயிட்! அடுத்த நாலு வாரம் 115 முதல் 127.5 வரை, நாலைந்து முறை. பிறகு மூன்று வாரம் 130 முதல் 140 வரை, ஒன்றிரண்டு முறை. எடை ஏற ஏற எண்ணிக்கை குறையும். நடுவில் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒரு லேசான வாரம். கடைசி வாரம் பாதி எடைதான், உடம்பு மறந்துவிடாமல் இருக்க மட்டும். கனமான டெட்லிஃப்ட்டைப் போட்டிக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே பலர் நிறுத்திவிடுவார்கள். அந்தக் களைப்பு இறங்க நாளாகும்.

ஆளுக்கு ஆள் எண்கள் மாறும், கணக்கு மாறாது. ஆண்டு முழுவதும் உச்சத்தில் இருக்க முடியாது, உச்சத்தைத் தேதி குறித்துத்தான் வரவழைக்க வேண்டும் என்பதை சோவியத் நாட்டின் மத்வேயெவ் 1960களிலேயே முறையாக எழுதிவிட்டார். பலம் பயிற்சியில் வருவதில்லை, பயிற்சிக்குப் பின் கிடைக்கும் ஓய்வில்தான் வருகிறது. இதை நம்புவதுதான் இளவட்டங்களுக்குக் கஷ்டம். கடைசி வாரத்தில் கை பரபரக்கும். "ஒரே ஒரு தடவை பாத்துக்கறேனே" என்று தோன்றும். பன்னிரண்டு வாரச் சேமிப்பை ஒரே நாளில் செலவழிப்பது அங்கேதான்.

நம் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. வேலூர் சதீஷ் சிவலிங்கம் ஒலிம்பிக் பாணி பளுதூக்குபவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 கோல்ட் கோஸ்ட் போட்டிக்கு முன், தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடையில் காயம். பதக்கமே எதிர்பார்க்கவில்லை என்று பின்னர் அவரே சொன்னார். ஆனால் அன்றைக்கு உடம்பு தாங்கியதை மட்டும் தூக்கினார்: 144, 173, மொத்தம் 317. பழைய கணக்கைவிட 11 கிலோ குறைவு, ஆனாலும் தங்கம்! தங்கம் உறுதியானதும் கடைசி வாய்ப்பை அவர் எடுக்கவே இல்லை. தூக்காமல் விட்டதும் திறமைதான் இல்லையா?

அதே நிதானம் முதல் வாய்ப்புக்கும் வேண்டும். கேட்ட எடையை அப்புறம் குறைக்க முடியாது. ஆகவே காய்ச்சலில் கூட எழுப்பக்கூடிய எடையில் தொடங்க வேண்டும். நம் 150 கிலோ மாணவனுக்கு 135, பிறகு 145, கடைசியில்தான் 152.5 ஆசை. முதல் போட்டிக்கே எடைப் பிரிவில் இறங்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் கிடப்பதும் வேண்டாம். திருச்சி வெயிலில் அது விஷப்பரீட்சை.

இது வெறும் மெடல் விவகாரமும் அல்ல. 2025 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிகானேரில், 17 வயது பவர்லிஃப்டிங் வீராங்கனை ஒருவர் 270 கிலோ பயிற்சியின்போது ராடு கழுத்தில் விழுந்து இறந்துபோனார். திட்டம் இல்லாததுதான் காரணம் என்று அந்த ஒரு விபத்தைக் காட்டிச் சொல்லிவிட முடியாது. ஆனால் உச்ச எடை எவ்வளவு ஆபத்தானது என்பது தெரிகிறதல்லவா? அந்த ஆபத்தை வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, சேஃப்டி கம்பிகளோடும் பிடிக்கத் தெரிந்த ஆட்களோடும் சந்திப்பது ஒன்று. கைதட்டலுக்காக வாரா வாரம் சந்திப்பது வேறு.

"போட்டித் தேதியே பத்து நாள் முன்னாடிதான் சார் சொல்றாங்க" என்று மாணவர்கள் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது. செமஸ்டர் தேதியை முன்கூட்டியே அறிவிக்கும் கல்லூரிகள் விளையாட்டுத் தேதியையும் மூன்று மாதம் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? தேதி தெரியாத பையன்தான் அவசரத்தில் எவனோ விற்கும் பவுடரிலும் ஊசியிலும் போய் விழுகிறான். குறுக்கு வழியைத் தேடவைப்பது பெரும்பாலும் அவசரம்தான்.

போட்டிக்கு முன் வெக்காளியம்மன் கோவிலில் கோரிக்கைச் சீட்டு எழுதிக் கட்டுவது உறையூர் வழக்கம். தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் அதற்குப் பன்னிரண்டு வாரம் முன்பே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, எந்த வாரம் எத்தனை கிலோ, எத்தனை முறை என்று எழுதிவிடுங்கள். அம்மனுக்கும் வேலை கொஞ்சம் சுலபமாகுமே!