அமாவாசைத் தீவும் ஒரு பால் போத்தலும்

வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் நாம் போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். பத்துமலை, இரட்டைக் கோபுரம், நேரம் இருந்தால் கேமரன் மலை. ஆனால் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டது வேறு.

"மச்சான், ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போங்க, போதும்" என்றான் அத்தை மகன்.

"எனக்குத் தீவெல்லாம் வேண்டாம். நான் பொறந்த தோட்டத்தைக் காட்டு" என்றார் அத்தை.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை இங்கே தங்கலாம் என்று ஆனதிலிருந்து, இப்படிப்பட்ட வரவு பல வீடுகளில் நடக்கிறது. எங்கள் வீட்டுக்கு அத்தை, மாமா, அவர்கள் மகன், மருமகள், நாலாம் வகுப்புப் படிக்கும் பேத்தி என ஐந்து பேர் வந்தார்கள். எங்கள் பக்கம் நான், மனைவி, ஏழு மாதப் பையன். எட்டுப் பேரையும் லங்காவிக்கு விமானத்தில் ஏற்றுவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைத்தொலைபேசியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தேன்.

அப்போதுதான் கோலசிலாங்கூர் நினைவுக்கு வந்தது. தோட்டமும் அந்தப் பக்கம்தான். தீவும் உண்டு, ஆனால் அது எப்போதும் இருக்காது. கடலுக்குள் இருக்கும் ஒரு மணல்திட்டு அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால், வற்றும்போது நீர் மிகக் கீழே இறங்கும். அப்போது திட்டு வெளியே தெரியும். அதன்மேல் நிற்கும் மெல்லிய நீரில் வானம் அப்படியே விழும். அதனால் 'ஸ்கை மிரர்' என்று பெயர். சில மணி நேரத்தில் திட்டு மறுபடியும் மூழ்கிவிடும்.

மின்மினிப் பூச்சிகளையும் பார்க்க வேண்டும் என்றால் பௌர்ணமி சரிப்படாது. நிலா வெளிச்சத்தில் பூச்சியின் வெளிச்சம் மங்கிப் போகும். இரண்டும் அமைய வேண்டுமானால் அமாவாசைதான். பயணத்துக்கு அமாவாசையா என்று அத்தை முகம் சுளிப்பாரோ எனத் தயங்கிச் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்துப் பார்த்தார். "நெறஞ்ச நாளுதானே, போவோம்" என்றார்.

ஒரு வேன் எடுத்து, இரண்டு இரவுக்கு ஹோம்ஸ்டே பதிவு செய்து கிளம்பினோம்.

முதல் நாள் தோட்டம். 'பத்தாங் பெர்ஜுந்தை' என்ற பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டே வந்தார் அத்தை. அந்த ஊர் 2007-லேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வழியில் தென்னமரம் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 1917-ல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நடப்பட்டது அங்கேதான். நட்டவர் ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்துக்குப் பெயர் தென்னை, அதில் வளர்ந்தது செம்பனை. மாமா சிரித்தார்.

அத்தை என் தாத்தாவின் தம்பி மகள். தாத்தா மனுப் போட்டு நீல அடையாள அட்டை வாங்கியிருந்தார். தம்பியிடம் இருந்தது சிவப்பு அட்டை. 1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்ற விதி இறுகியது. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் ஊர் திரும்பினார்கள். 1970-ல் சின்னத் தாத்தா குடும்பமும் கப்பல் ஏறியது. அத்தைக்கு அப்போது பதினொரு வயது.

அவர் சொன்ன இடத்தில் லயங்கள் இல்லை. பால்மரமும் இல்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றது. அங்கிருந்து நடையால் அளந்துகொண்டே போய், பெயர்ந்து கிடந்த ஒரு சிமெண்டுத் தரையின் முன் நின்றார். "இதான் ஆயாக் கொட்டகை" என்றார்.

இன்றைய இளம் வாசகர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். விடியுமுன்னே பெரட்டுக்கு ஓட வேண்டிய பால்வெட்டுத் தாய்மார்கள், கைக்குழந்தையைத் தூக்கத்திலேயே கொண்டுவந்து விட்டுப் போகும் இடம் அது. அத்தையின் தம்பியும் அங்கே தூளியில் கிடந்தவன். பள்ளி விட்டதும் இவர் நேராக அங்கே ஓடி வந்து ஆட்டிவிடுவாராம்.

"ஒரே ஆயாதான். பத்துத் தூளி. ஒண்ணு நின்னா ஒண்ணு அழுவும். பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவுக்கு எல்லாரும் லாரியில ஏறிப் போவோம். அந்த ஆயா ஒரு தடவைகூட வந்ததில்ல. புள்ளைங்கள யாரு பாக்குறதும்பா. எங்களுக்கு அது ஒரு கேள்வியாவே தோணல."

சொல்லிக்கொண்டே என் மகனை வாங்கி, அந்தச் சிமெண்டுத் தரையில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டார். அவன் குனிந்து ஒரு சருகைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தான்.

அன்று இரவு கம்போங் குவாந்தானில் மின்மினி பார்த்தோம். மோட்டார் இல்லாத சம்பான், ஒரு படகுக்கு நான்கு பேர், துடுப்புப் போடுபவர் தனி. கரையோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான 'கெலிப்-கெலிப்' ஒரே தாளத்தில் எரிந்து அணைந்தன. இதன் புழுக்கள் கரைச் சேற்றில் இருக்கும் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையை அழித்தால் பூச்சியும் இல்லை. அத்தையின் பேத்தி மூச்சுவிடாமல் பார்த்தாள். என் மகன் முழுவதும் தூங்கினான். படகில் குழந்தையை மடியில் வைத்திருந்தது என் மனைவி.

மறுநாள் காலை படகுத்துறை. எட்டுப் பேருக்கும் பணம் கட்டியிருந்தேன். படகுக்காரர் குழந்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். திட்டில் நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது, அலை அடித்தால் படகு குதிக்கும், இந்த அளவுக்கு உயிர்காப்பு அங்கியும் இல்லை என்றார். அவர் சொன்னது நியாயம். பதிவு செய்யும்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

"அப்ப நான் புள்ளைய வெச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்றார் அத்தை. கடல் கடந்து, ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த விருந்தாளி.

நான் மறுத்துச் சொல்ல வாய் திறந்தபடி மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே தன் அங்கியின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. முகத்தில் வருத்தம்கூட இல்லை. மழை வந்தால் துணி எடுக்கப் போவது மாதிரி ஓர் அனிச்சையான அசைவு. பிள்ளை பிறந்து ஏழு மாதத்தில் அவள் ஒரு மணி நேரம் கை வீசி நடந்திருப்பாளா என்று யோசித்தேன். பதில் எனக்குத் தெரியும்.

இத்தனை நாள் திட்டம் போட்டேனே. பட்டியலில் வேன் இருந்தது, அலை நேரம் இருந்தது, சூரிய எண்ணெய்கூட இருந்தது. பிள்ளையை யார் பார்ப்பது என்ற வரி இல்லை. எனக்கும் அது ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இருக்கேன்" என்றேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அழுதா என்னப்பா பண்ணுவ?" என்றார். "தூக்கிவெச்சிக்குவேன் மாமா" என்றேன். மனைவி மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஏறினாள்.

குளிர்ப்பெட்டியில் எடுத்துவைத்த தாய்ப்பால் இரண்டு போத்தல், சுடுநீர்க் குடுவை, நான்கு பெம்பர்ஸ். புக்கிட் மெலாவத்திக்குப் போய் மர நிழலில் உட்கார்ந்தேன். 1784-ல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டைக் குன்று. இப்போது அங்கே ஆட்சி குரங்குகளுடையது. ஒரு பொதுக் கழிப்பறையில் பெம்பர்ஸ் மாற்றும் மேடை பெண்கள் பக்கம் மட்டும்தான் இருந்தது. வேன் இருக்கையில் வைத்து மாற்றினேன். முதல் முறை முன்னும் பின்னும் மாறிப்போனது. ஒருமுறை முழுதாக இருபது நிமிடம் அழுதான். நானும் வியர்த்து, பாடத் தெரிந்த எல்லாவற்றையும் பாடினேன்.

அங்கே சாம்பல் நிற 'லூத்தோங்' குரங்குகள் உண்டு. அவற்றின் குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் சாம்பலாகிவிடும். ஒரு ஆரஞ்சுக் குட்டியைத் தாயிடமிருந்து இன்னொரு பெண் குரங்கு வாங்கியது, அதனிடமிருந்து மற்றொன்று. தாய் நிம்மதியாக இலை தின்றது. இந்த இனத்தின் வழக்கமே அதுதான். குட்டி கூட்டத்துப் பெண்களிடையே கை மாறிக்கொண்டே இருக்கும். ஆண் குரங்கு மட்டும் தள்ளி உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

மூன்று மணி நேரம் கழித்து வந்தார்கள். கால் முழுக்கச் சேறு, முகம் முழுக்க வெயில். மனைவியின் படங்களைப் பார்த்தேன். ஒன்றில் அவளும் அத்தையும் கைகோத்து நிற்கிறார்கள். காலுக்குக் கீழே மேகம். பிள்ளையை வாங்கிக்கொண்டே, "மாத்தி மாட்டியிருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்று இரவு, பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் முறையாக, எனக்கு முன்னால் அவள் தூங்கினாள்.

விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்புபவர்களுக்கு மூன்று குறிப்புகள். ஸ்கை மிரருக்குக் கைக்குழந்தையோடு போகத் திட்டமிடாதீர்கள். மின்மினிக்கு நிலா இல்லாத நாளாகப் பாருங்கள், கேமரா ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். மூன்றாவது அப்பாக்களுக்கு. பட்டியல் போடும்போது, பிள்ளையை யார் பார்ப்பது என்பதை முதல் வரியாக எழுதி, பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

விமான நிலையத்தில் விடைபெறும்போது அத்தை கைப்பையைத் திறந்து காட்டினார். நாள்காட்டித் தாளில் மடித்து வைத்த ஒரு துண்டுச் சிமெண்டு. "அந்த ஆயா பேரு ஞாபகம் வரமாட்டேங்குதுடா. ஊருக்குப் போயி தம்பிய கேக்கணும்" என்றார்.