பேய் யாரைப் பிடித்தது?

விழுப்புரத்தார் தம் ஊரில் 1928-ல் பிறந்த சிவாஜி கணேசனைப் பற்றிப் பெருமை பேசும்போது கட்டபொம்மனைச் சொல்வார்கள், கர்ணனைச் சொல்வார்கள். கோட்டையூர் தர்மலிங்க முதலியாரை ஒருவரும் சொல்வதில்லை. நமக்கோ, அவர் போட்ட வேஷங்களிலெல்லாம் நம் ஜனங்களுக்கு மிகவும் உபயோகப்படக்கூடியது அந்த வேஷம்தான் என்று தோன்றுகிறது.

தோழர் அண்ணாதுரை அவர்களின் நாவலைக் கொண்டு 1956-ல் வந்த "ரங்கோன் ராதா" படத்தின் நாயகன் அந்த முதலியார். ஊரில் பெரிய மனிதன். கட்டிய மனைவி ரங்கம் வீட்டிலிருக்க, அவள் தங்கையும் வேண்டும், சொத்தும் வேண்டும். அதே சமயத்தில் பெரிய மனிதன் என்ற பெயருக்குக் குந்தகமும் வரக்கூடாது. நடக்கக்கூடிய ஆசையா இது? சேற்றிலும் புரளவேண்டும், வேட்டியும் வெளுப்பாய் இருக்கவேண்டும் என்றால் எப்படி? ஆனாலும் அவன் விடவில்லை. மனைவிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஊரை நம்பவைக்கிறான்.

"அவனுக்குத்தான் பைத்தியம் போலிருக்கிறது" என்றார் திண்டிவனத்துத் தோழர் ஒருவர். இல்லை என்கிறோம். பைத்தியத்துக்குப் புத்தி தடுமாறும். இவன் புத்தி தராசு முள்ளைப் போல நிற்கிறது. 1941-ல் கிளெக்லி என்ற அமெரிக்க மனோவைத்தியர் இப்படிப்பட்டவர்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பேச்சு இனிப்பாயிருக்கும், அறிவு கூர்மையாயிருக்கும், பிரமை ஒன்றும் இராது. ஆனால் பொய் சொல்ல நா கூசாது, செய்த கேட்டுக்கு மனம் வருந்தாது, பிறர் கண்ணீர் உறைக்காது. சைக்கோபதி என்பது இதுதான். படத்துப் பாத்திரத்துக்கு நாடி பார்க்க முடியாது. கொடுமை செய்கிற ஒவ்வொருவனுக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடவும் கூடாது. ஆனால் முதலியாரிடம் இந்த லட்சணங்கள் பொருந்தியே இருக்கின்றன.

இது நிற்க. இதே மாதிரிப் புருஷன் ஒருவன் 1944-ல் வந்த "கேஸ்லைட்" என்ற ஹாலிவுட் படத்திலும் உண்டு. லண்டனில் ஒரு வீடு. மனைவியின் நகையைத் தானே ஒளித்துவிட்டு, நீதான் தொலைத்தாய் என்கிறான். அவன் மேல்மாடியில் திருட்டுத்தனமாய் விளக்கேற்றுவதால் கீழே அவள் அறை விளக்கு மங்குகிறது; அது உன் மனப்பிரமை என்று சாதிக்கிறான். அங்கே அத்தனை பாடும் அவனே படவேண்டியிருக்கிறது. நம் முதலியாருக்கு அந்தக் கஷ்டம் உண்டா? "பேய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை ஊரார் பார்த்துக்கொள்வார்கள். உடுக்கை, வேப்பிலை, விபூதி, பிரம்பு எல்லாம் எந்நேரமும் தயார்! அவள் அழுதால் பேய் அழுகிறது; சிரித்தால் பேய் சிரிக்கிறது; "இது என் புருஷன் செய்யும் சூது" என்று உண்மையைச் சொன்னாலோ, பேய் பேசுகிறது! வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊமைப் பேய்! மனச்சாட்சியில்லாதவன் எந்த தேசத்திலும் பிறப்பான். அவனுக்காக ஆயுதத்தைத் தீட்டித் தயாராய் வைத்திருப்பவர்கள் யார் என்பதே நமது கேள்வி.

படம் வந்து சுமார் 70 வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அமாவாசைதோறும் திண்டிவனம், விழுப்புரம் வழியாய் மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்கள் போகின்றன. அங்கே தலைவிரி கோலமாய் ஆடவைக்கப்படுகிறவர்களில் பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை என்று போகிறவர்களே எண்ணிப் பார்க்கட்டும். பேய் ஏன் மருமகளையே தேடிப் பிடிக்கிறது? மாமனாரை ஏன் பிடிப்பதில்லை?

உண்மையாகவே மனநோய் கண்டவர்களும் இப்படிப்பட்ட இடங்களுக்கு இழுத்துச் செல்லப்படுகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி வெந்து மாண்டதை இதற்குள் மறந்துவிட்டோமா?

அடுத்த அமாவாசைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை பஸ் ஏற்றப்போகிறார்கள் என்று தெரிந்தால், பேயின் பெயர் என்ன என்று விசாரிக்கும் முன், அவள் நகை இப்போது யார் பெட்டியில் இருக்கிறது, வீட்டில் வேறு கலியாணப் பேச்சு ஏதாவது நடக்கிறதா என்று விசாரியுங்கள். வீட்டுப் பெண்டுகளை அனுப்பி, அவளைத் தனியே வைத்து அவள் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். அடிப்பதை மட்டுமல்ல, மனதை வதைப்பதையும் கொடுமை என்றே 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். வைத்தியம்தான் தேவையென்றால், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் வழியிலேயே முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே உடுக்கை அடிக்கமாட்டார்கள்.