பெயர் கெடும்போது பேசத் தெரிந்தவர்

ஹெரல்ட் பேர்சன் என்ற பெயரை நமது வியாபாரிகளில் அநேகர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். 2020 ஜனவரி 10ஆம் திகதி தனது 98ஆவது வயதில் அவர் மரணித்தார். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1921இல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே பத்திரிகைக்குச் செய்தி எழுதிச் சம்பாதித்தவர். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் நியூரம்பேர்க்கில் நாஜித் தலைவர்கள் மீது நடந்த விசாரணையை அமெரிக்க இராணுவ வானொலிக்காக அறிக்கையிட்டார். யுத்தத்துக்கு முன்பே ஒரு நிர்மாணக் கம்பனியின் மக்கள் தொடர்பு வேலையைப் பார்த்த அனுபவம் இருந்ததால், ஊர் திரும்பியதும் அதையே தொழிலாக்கிக் கொண்டார். 1953இல் மார்ஸ்டெல்லர் என்பவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றானது.

அவரை நான் நினைப்பதற்குக் காரணம் டைலனோல் விவகாரம்தான். 1982 செப்டெம்பர் கடைசியில் சிக்காகோ பகுதியில் இந்த வலி மாத்திரையைக் குடித்த ஏழு பேர் இறந்தார்கள். யாரோ போத்தல்களைத் திறந்து சயனைட் கலந்திருந்தார்கள். தயாரித்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி, "எங்கள் தொழிற்சாலையில் பிழையில்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3 கோடி 10 இலட்சம் போத்தல்களைத் திருப்பி எடுத்தது. 10 கோடி டொலருக்கு மேல் நட்டம். நவம்பரில் மூன்று அடுக்கு முத்திரையிட்ட போத்தலோடு மீண்டும் வந்தபோது, செய்மதி மூலம் பல நகரங்களின் செய்தியாளர்களை ஒரே நேரத்தில் சந்திக்க ஏற்பாடு செய்தது பேர்சனின் நிறுவனம். ஒரு வருடத்துக்குள் இழந்த சந்தையில் பெரும் பகுதி திரும்பிவிட்டது.

பேர்சனைப் புனிதராக்க நான் வரவில்லை. ஆர்ஜென்டீனாவின் இராணுவ ஆட்சிக்கும், 1984 போபால் விஷவாயுவின் பின் யூனியன் கார்பைட்டுக்கும் அவரது நிறுவனம் வேலை செய்தது. சரக்கு கெட்டிருந்தால் எந்தப் பேச்சாளராலும் அதை நல்லதாக்க முடியாது, ஆக்கவும் கூடாது என்பது என் கருத்து.

ஆனால் சரக்கு நல்லதாக இருந்தும் பேச ஆளில்லாமல் அழிந்ததை நாம் கண்டோம். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் நம்மவரின் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலப்பதாகக் கதை கட்டினார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஒருவர் கூட்டத்துக்குப் பயந்து தலையாட்டிய வீடியோ நாடெங்கும் ஓடியது. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொல்லும்போது கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டு நாட்கள் கடந்திருந்தன. அந்த இடைவெளியில் வாடிக்கையாளரின் மொழியில் நமக்காகப் பேச எத்தனை பேர் இருந்தார்கள்? பெரிய கம்பனிகளிடம் மக்கள் தொடர்பு முகாமையாளர் இருக்கிறார். நமது பஸார்களில் வர்த்தகர் சங்கம் இருக்கிறது. இஃப்தாருக்கு மண்டபம் பிடிக்கிற சங்கம், சிங்களத்தில் ஒழுங்காக ஓர் அறிக்கை எழுதக்கூடிய, பக்கத்துப் பன்சலையிலும் பொலிஸிலும் முகம் தெரிந்த ஓர் இளைஞனைச் சம்பளத்துக்கு வைத்தால் என்ன?

வெளியாரை மட்டும் குறை சொல்லவும் என்னால் முடியாது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை ஆட்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் ஒருமுறை என் கடையில் வாங்கிய மாவில் வண்டு இருந்ததாக ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தபோது, காசைக் கொடுத்து அவருடைய வாயை அடைத்தேன். அதே மூடையில் வாங்கிய மற்றவர்களிடம் மூச்சுவிடவில்லை. அந்த ஒழுங்கையில் மூன்று வீட்டார் அதற்குப் பிறகு என் கடைப் படி மிதிக்கவில்லை. அன்றைக்கே வாசல் வாசலாகப் போய்ச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மூடை மாதான் நட்டம்.