காவல் நிற்போருக்குக் காவல் எங்கே?

முப்பது விநாடி! அபாயச் சங்கு ஒலிக்கத் தொடங்கியது முதல் ஏவுகணை வந்து விழும் வரையில், இஸ்ரேல் நாட்டு அஷ்கெலோன் நகர மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவே. கட்டிளங்காளை ஒருவன் அந்நேரத்திற்குள் படிகளைத் தாவிக் கடந்து பதுங்கிடம் புகுந்துவிடக்கூடும். எண்பது ஆண்டு வாழ்ந்து தளர்ந்த மூதாட்டியைக் கட்டிலிலிருந்து தூக்கி, சக்கர நாற்காலியில் அமர்த்தி, தெருவைக் கடந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் என்ன செய்வாள்?

2021 மே 11-ஆம் நாள், அதே அஷ்கெலோனில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. காசாவிலிருந்து பாய்ந்து வந்த ஏவுகணை ஒரு வீட்டைத் தாக்கியது. அங்கே முதியவர் ஒருவருக்குத் துணையாய்த் தங்கிப் பணியாற்றிய கேரளப் பெண்மணி மாண்டார், அம்மூதாட்டி படுகாயமுற்றார். அவ்வீட்டில் காப்பறை இல்லை. பொதுப் பதுங்கிடமோ ஒரு நிமிட ஓட்டத்துக்கு அப்பால் இருந்தது என அன்றைய ஏடுகள் எழுதின. முப்பது விநாடி எங்கே, ஒரு நிமிடம் எங்கே! விதி என்பர் சிலர். கணக்கு என்கிறோம் நாம். உயிர் போவதற்கு முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு.

1991 வளைகுடாப் போருக்குப் பின், 1992 முதல், அந்நாட்டில் புதிதாக எழும் வீடுகளில் காப்பறை கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டந்தான். ஆயினும் முதியவர் பலர் வாழ்வது எங்கே? இளமையில் குடியேறி, பிள்ளை பெற்று வளர்த்த பழைய வீட்டிலன்றோ! பராமரிப்பு யாருக்கு மிகுதியாக வேண்டுமோ, அவர் வீட்டிலேயே பாதுகாப்பு குறைவாக இருக்கக் காண்கிறோம். அந்த வீட்டைத் தேடித்தான் கடல் கடந்து போகிறார்கள் கேரளத்துப் பெண்களும், இலங்கைப் பெண்களும், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்களும். 2023-இல் அந்நாட்டில் இருந்த இந்தியர் ஏறத்தாழ 18,000 பேர். அவருள் பெரும்பகுதியினர் முதியோரைப் பேணும் பணியினர்.

2023 அக்டோபர் 7-ஆம் நாள் ஹமாஸ் படையினர் எல்லையூர்களில் புகுந்தபோது இப்பணியாளர் நடந்துகொண்ட விதத்தை உலகம் வியந்து பேசியது. க்ஃபார் அசாவில், தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் தன் பொறுப்பிலிருந்த முதியவரைப் பிரிய மறுத்து, அவருடனேயே மாண்டார் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்மணி. நீர் ஓஸில், கேரளத்துப் பெண்கள் இருவர் காப்பறைக் கதவின் கைப்பிடியை மணிக்கணக்கில் இறுகப் பற்றி நின்று, வெளியே நின்றவர்கள் கதவைத் திறக்கவொட்டாமல் தடுத்து, உள்ளிருந்த முதியோரைக் காத்தனர். கையால் பற்ற வேண்டிய நிலை ஏன் வந்தது? ஏவுகணைக்கெனக் கட்டப்பட்ட அறைகள் அவை. உள்ளிருந்து பூட்டும் வசதி பெரும்பாலானவற்றில் இல்லை. பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஏழைப் பெண்களின் கைகள் இருந்தன! அதன்பின் காசாவில் பல்லாயிரவர் மடிந்த கொடுமையை நாம் மறந்தோமில்லை. எப்போரிலும் முதலில் சாவது எளியவரே என்பதற்கு இவ்விரு பக்கத்துப் பிணங்களும் சான்று.

தூதரகம் புகழ்ந்தது. தொலைக்காட்சி புகழ்ந்தது. புகழட்டும், அவர்கள் புகழுக்கு உரியவர்களே. ஆனால் தோழர்களே, புகழுரை கூரையாகுமா? அப்பெண்களின் தியாகத்தைப் பாடும் வாய், அவர்களின் உரிமையைப் பற்றிக் கேட்டால் ஏன் மூடிக்கொள்கிறது?

உரிமையின் கதை இது. பணியாளரை ஒரே முதலாளியுடன் கட்டிவைக்கும் முறை, இக்கால அடிமைமுறைக்கு ஒப்பானது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமே 2006-இல் கண்டித்து நீக்கியது. 2011-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இடம் மாறவும் முதலாளியை மாற்றவும் மீண்டும் தடைகள் வந்தன. வேலை நேரத்துக்கும் ஓய்வுக்குமான சட்டம், வீட்டோடு தங்கிப் பேணுவோருக்குப் பொருந்தாது என்று 2009-இல் தீர்ப்பாயிற்று. பகலென்றும் இரவென்றும் பாராமல் உழைத்துக் கண்ணயர்ந்தவளைத்தான் நள்ளிரவில் சங்கொலி எழுப்புகிறது. அவள் தலைமீது தரகனுக்குக் கொடுத்த பணத்தின் கடன் வேறு. போர் வந்துவிட்டது, ஊர் திரும்பலாமே என்பார் அயலார். திரும்பினால் வட்டியை யார் கட்டுவது?

போரில் பாதிக்கப்பட்டோருக்கு ஈடளிக்க 1970-ஆம் ஆண்டிலேயே அங்குச் சட்டம் வந்தது. முறைப்படி நாட்டினுள் வந்த அயல்நாட்டாருக்கும் அதில் இடமுண்டு. நன்று. எனினும் அது செத்தபின் வரும் உரிமை. சாகாமல் இருப்பதற்கான உரிமையையே நாம் கேட்கிறோம்.

எல்லைக்கு அப்பால், லெபனானில் நடந்ததையும் பாருங்கள். 2024-இல் இஸ்ரேலின் குண்டுவீச்சுக்கு அஞ்சி வீட்டுக்காரர்கள் ஓடினார்கள். வீட்டு வேலைக்கு வந்த அயல்நாட்டுப் பெண்கள் பலரைத் தெருவில் விட்டுச் சென்றார்கள். வீட்டினுள் வைத்துப் பூட்டிச் சென்றவர்களும் உண்டு. ஓரிடத்தில் முதியவரைக் கைவிடாமல் மாண்டாள் பணியாள். மற்றோரிடத்தில் பணியாளைக் கைவிட்டு ஓடினார் முதலாளி. கடமை ஒரு பக்கத்தார்க்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. கப்பல் தொழிலாளரைப் பாருங்கள். 2006-இல் உருவாகி, 2015-இல் இந்தியாவும் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் வழிகாட்டு நெறி சொல்வதென்ன? போர்ப்பகுதிக்குள் செல்லும் கப்பலில் போக இசையாத மாலுமி, தாயகம் திரும்ப உரியவர். அந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. சங்கம் கண்டு, போராடிப் பெற்றது. மாலுமிக்கு உள்ள உரிமை செவிலிக்கு ஏன் இல்லை? கப்பலில் நூறு பேர் சேர்ந்து குரல் எழுப்பலாம்; மூடிய வீட்டினுள் அவள் ஒருத்தியே. தனித்திருப்பதே அவளது பலவீனம். வீட்டுப் பணியாளருக்கென 2011-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு 189-ஆம் உடன்படிக்கையைக் கண்டது. பாதுகாப்பான பணியிடம் அவர் உரிமை என்றும், கடவுச்சீட்டு அவர் கையிலேயே இருக்கலாம் என்றும் அது கூறுகிறது. பிலிப்பைன்ஸ் 2012-இல் ஏற்றது. இந்தியாவும் இஸ்ரேலும் ஏற்கவில்லை.

"அப்படியானால் நடக்கமாட்டாத முதியவரை நெருப்பிலே விட்டு ஓடச் சொல்கிறீரா?" என்று கேட்பார் உளர். அன்று! அந்த மூதாட்டியும் உழைத்து ஓய்ந்தவளே. அவள் உயிரும் நமக்கு உயிர்தான். காப்பறை இல்லாத வீட்டில் இருவரும் சேர்ந்தே அடிபட்டதை அஷ்கெலோனில் கண்டோம். உறக்கமின்றித் தளர்ந்தவளின் கை, நோயாளியைத் தூக்கும்போது நடுங்கும். ஆகவே பேணுவோரின் பாதுகாப்பைக் கேட்பது முதியோரின் பாதுகாப்பைக் கேட்பதே ஆகும். அவள் விலகிச் செல்ல விரும்பினால், அம்முதியவரைக் காக்கும் பொறுப்பு அவர்தம் மக்களுக்கும் அந்நாட்டு அரசுக்கும் உரியது. அயல்நாட்டு ஏழை ஒருத்தியின் மனச்சான்றின்மேல் அதைச் சுமத்திவிட்டு ஒதுங்குவது அறமாகாது.

2023 மே திங்களில் இந்திய அரசு இஸ்ரேலுடன் 42,000 தொழிலாளரை அனுப்ப உடன்பட்டது. அதில் 8,000 பேர் பராமரிப்புப் பணிக்கென ஏடுகள் எழுதின. எண்ணிக்கை பேசப்பட்டது, பாதுகாப்பும் அதே உறுதியோடு பேசப்பட வேண்டும். எனவே கேட்கிறோம். காப்பறை இல்லாத, காலத்தில் சென்று சேரத்தக்க பதுங்கிடமும் இல்லாத வீட்டுக்கு எவரையும் அனுப்பலாகாது. போர் மூண்டால், அனுமதியும் நிலுவைக் கூலியும் இழக்காமல் விலகும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தரகுக் கொள்ளையை ஒழிக்க வேண்டும். 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும்.

அரசு அசையும் வரை நாம் வாளாவிருக்க வேண்டுமா? உங்கள் ஊரிலிருந்து இப்பணிக்குச் செல்வோர் இருப்பின், தோழர்களே, அவர் கையெழுத்திடும் முன் போய்ப் பாருங்கள். அந்த வீட்டில் காப்பறை உண்டா, முதியவரின் கட்டிலை இரவில் அதனுள்ளேயே போட இயலுமா என்று கேட்கச் சொல்லுங்கள். சங்கு ஒலித்தபின் தூக்குவதைவிட, ஒலிக்கும் முன்பே அங்கு உறங்கச் செய்வது இருவருக்கும் நலம். கடவுச்சீட்டு தன் கையில் இருக்கட்டும். தூதரகத்தில் பெயர் பதிவாகட்டும். வேலை செய்யும் வீட்டின் முகவரி குடும்பத்தாரிடமும் ஊர்க் கிளையிடமும் இருக்கட்டும்.

2025 ஜூனில், ஈரானின் ஏவுகணை ரெகோவோத் நகரில் வீழ்ந்தபோது காயமுற்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண் ஒருவர் மறுதிங்களில் மாண்டார். 2021, 2023, 2025 என்று ஆண்டுகள் மாறுகின்றன. இறந்தோர் பட்டியல் மட்டும் நீள்கிறது. அப்பட்டியலுக்கு மாலை சூட்டுவது எளிது. அது நீளாமல் தடுப்பதே நம் வேலை. அந்த வேலையை இன்றே தொடங்குவோம்.