கேட்கக் கற்பிப்போர் கேட்கவும் வேண்டும்

மைசூரிலிருந்து உதகைக்குச் சென்ற நண்பர்கள் குண்டலுபேட்டையை அறிவார்கள். ஆடி மாதத்தில் சாலையோர வயல்களில் சூரியகாந்தி பூத்துக் குலுங்கும் ஊர் அது. 1997 வரை மைசூர் மாவட்டத்திலிருந்து, பின் சாமராசநகர் மாவட்டத்தோடு சேர்ந்தது. அங்குள்ள பள்ளிகளில், மாணவர்கள் தாமே வினா எழுப்பித் தாமே ஆய்ந்து விடை காணும் வகுப்புகளை நடத்தலாம் என்று நம் சங்கத்தில் ஒரு யோசனை எழுந்திருக்கிறது.

வரவேற்கிறேன். சூரியகாந்தி எந்நாளும் சூரியனோடு திரும்பும் என்று நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஒரு சிறுவன் காலையும் மாலையும் வயலுக்குப் போய்ப் பார்க்கட்டும். திரும்புவது வளரும் இளஞ்செடியே. முற்றிய மலர் கிழக்கு நோக்கி நின்றுவிடுகிறது என்பதை அவனே கண்டுகொள்வான். இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

ஆனால் யோசனையின் கடைசி வரி எனக்கு உடன்பாடன்று. இறுதி நாளில் ஆசிரியரிடமும் மாணவரிடமும் கருத்துப் படிவம் பெறுவார்களாம்! அதில் என்ன வரும்? "மிக நன்று" என்றே வரும். விருந்துக்கு அழைத்தவரிடம் குழம்பில் உப்பில்லை என்று எவர் சொல்வார்? மாணவன் ஆசிரியர் முகம் பார்த்து எழுதுவான். ஆசிரியர் தலைமையாசிரியர் முகம் பார்த்து எழுதுவார். உண்மையே வந்தாலும், திருத்துவதற்கு நாள் ஏது?

மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தை எண்ணிப் பாருங்கள். 1972இல் அங்கே 16 பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் திட்டம் தொடங்கிற்று; 1978இல் மாவட்டம் முழுவதும் பரவிற்று. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் தவறிற்று, எது புரியவில்லை என்று பேசினார்கள். அதைக் கொண்டு 'பால் வைக்ஞானிக்' பாடநூல்கள் திருத்தப்பட்டன. சிறுவர்கள் 'சவாலிராம்' என்ற கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் பெயரால் மறுமொழியும் போயிற்று.

அத்திட்டமும் 2002இல் நிறுத்தப்பட்டதே என்பீர்கள். ஆம், நிறுத்தியது அரசின் முடிவு. அதற்கு முன் 30 ஆண்டுகள் அது உயிரோடிருந்ததற்கு, வகுப்பறையின் குரலுக்குச் செவி கொடுத்தது ஒரு காரணம் அன்றோ?

ஆகவே நான் வேண்டுவது இவையே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேட்போம். ஆசிரியர்கள் தனியே கூடிப் பேச இடம் கொடுப்போம். மாணவர்கள் பெயரில்லாமல் சீட்டு எழுதிப் போட ஒரு பெட்டி வைப்போம். அவர்கள் படிக்கும் கன்னடத்திலேயே கேட்போம். நமக்கு எளிது என்பதற்காகத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்க வேண்டாம். "பிடித்ததா?" என்பதை விட்டு, "இந்த வாரம் நீ எழுப்பிய கேள்வி என்ன? எந்த இடத்தில் விழித்தாய்?" என்று கேட்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் சொன்னதால் எதை மாற்றினோம் என்பதை அடுத்த கூட்டத்திலேயே அவர்கள் முன் சொல்வோம்.

தோழர்களே, "ஏன்?" என்று கேட்கும்படி பிள்ளைகளைத் தூண்டப் போகிறோம். அந்தக் கேள்வி ஒரு நாள் நம்மை நோக்கியும் வரும். அதற்கு அஞ்சுவோமானால் குண்டலுபேட்டைக்குப் போக வேண்டியதில்லை. அஞ்சாதவர்கள் பெயர் கொடுங்கள். என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.