டெம்ப்சி எவ்வளவு பெரிய சாம்பியன்?

ஹெவிவெயிட் குத்துச்சண்டையின் மாவீரர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அமெரிக்காவின் ஜாக் டெம்ப்சி பெயர் அதில் இருக்கும். 1919 ஜூலை 4 அன்று, தன்னைவிட மிகப் பெரிய உருவம் கொண்ட ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்திப் பட்டம் வென்றவர். அவருடைய கைவலிமையை நான் மறுக்கவில்லை.

ஆனால், அந்த எடைப்பிரிவில் தகுதியுள்ள எல்லோரையும் எதிர்கொண்டவர்தானே சாம்பியன்? பட்டம் வென்ற கையோடு, கறுப்பின வீரர்களுடன் மோதமாட்டேன் என்று அறிவித்தார் டெம்ப்சி. ஏழாண்டுகள் பட்டம் அவரிடம் இருந்தது. அந்தக் காலத்தின் முதன்மையான போட்டியாளர்களில் ஒருவரான ஹாரி வில்ஸ் என்ற கறுப்பினத்தவருடன் ஒருமுறைகூட அவர் மோதவில்லை. 1925இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. போட்டி நடக்கவே இல்லை.

இதற்கு டெம்ப்சி மட்டுமே பொறுப்பல்ல. போட்டி நடத்தியவர்களும் நிறவெறிச் சமூகமும் சேர்ந்து பூட்டிய கதவு அது. 1915இல் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்தார். அதன்பின் 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை, 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பே தரப்படவில்லை.

வில்ஸ் வென்றிருப்பாரா? தெரியாது. தோற்றிருப்பார் என்பவர்களுக்கும் தெரியாது. கதவைப் பூட்டியவர்கள் 'திறமை' பற்றிப் பேசும்போது, வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று முதலில் கேளுங்கள். டெம்ப்சி வெள்ளையர்களுக்குள் நடந்த போட்டியின் சாம்பியன். அதற்கு மேல் எதையும் அவர் நிரூபிக்கவில்லை.